பல் பிடுங்கப் போட்ட பியுஸ் ஊசி (மரத்துப்போக வைக்கும் ஊசி) இதயம் வரை போகுமா? அம்மாவுக்குக் கை ஆப்பரேஷன் வருகிறது

புக்கிட் மெர்தாஜாம் மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு 64 வயது, எடை 52 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் இதயக் குழாயில் 2 ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருக்கிறார், சந்தைக்குப் போகிறார், கோவிலுக்குப் போகிறார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். 4 மாதத்துக்கு முன் கடைவாய்ப்பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள், 10 நிமிடம் ஆகியும் வலி அப்படியே இருந்தது. இன்னொன்று போட்டார்கள். போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "நெஞ்சு இடிக்குதும்மா, தலை பொளக்குது" என்றார். முகம் வெளுத்துவிட்டது. பிரஷர் பார்த்தார்கள், 196/104. நாடி 54. எனக்கு அந்த எண்கள் மறக்கவே மறக்காது. கால் மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது, பல்லையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அம்மாவின் மருத்துவ அட்டையில் "லிக்னோகேயின் அலர்ஜி", அதாவது அந்த மரக்கும் மருந்து ஒத்துக்கொள்ளாது, என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், போன சனிக்கிழமை சௌராஸ்தா சந்தையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. பிளேட் வைக்க வேண்டுமாம். முழு மயக்கம் வேண்டாம், காறை எலும்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், இதய நோயாளிக்கு அதுதான் நல்லது என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் அட்டையைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார்கள்.

அம்மா பயந்துபோய் இருக்கிறார். "அந்த ஊசி நேரா நெஞ்சுக்குத்தான் போகும், என்னை முழுசா தூங்க வெச்சிடச் சொல்லு" என்கிறார். ஜொகூரில் இருக்கும் அண்ணனும் அதையே சொல்கிறார். வாயில் போட்ட ஊசி உண்மையிலேயே இதயத்துக்குப் போகுமா? கையில் போடுவதும் அதே மருந்துதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை என்ன கேட்பது என்றாவது தெரிந்துகொண்டு போக வேண்டும்.

செந்தூல் பல் மருத்துவர்

சகோதரி, முதலில் ஒன்று. நீங்கள் சொல்வதில் அலர்ஜி மாதிரி எதுவுமே இல்லை. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம், பிரஷர் சரிவது, இதெல்லாம் இருந்தால்தான் அலர்ஜி என்று நினைக்க வேண்டும். அம்மாவுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. லிக்னோகேயின் வகை மருந்துகளுக்கு உண்மையான அலர்ஜி மிக மிக அரிது. என் நாற்காலியில் உட்கார்ந்து "எனக்கு பியுஸ் ஊசி ஒத்துக்காது டாக்டர்" என்று சொல்கிறவர்களிடம் உட்கார்ந்து விசாரித்தால், பெரும்பாலும் படபடப்பு அல்லது ஊசியைப் பார்த்து மயங்கியதுதான் கதையாக இருக்கும்.

பல் ஊசியில் மரக்க வைக்கும் மருந்து மட்டும் இல்லை, அட்ரினலினும் கலந்திருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால் மருந்து அந்த இடத்தை விட்டு வேகமாக ஓடிவிடாது, ரத்தமும் குறைவாக வரும். வழக்கமான கலவை 2 சதவீத லிக்னோகேயின், 80,000-க்கு 1 அட்ரினலின். 2.2 மில்லி குப்பி ஒன்றில் 44 மில்லிகிராம் லிக்னோகேயின், 27.5 மைக்ரோகிராம் அட்ரினலின். இரண்டு குப்பி என்றால் 88 மில்லிகிராம், 55 மைக்ரோகிராம். 52 கிலோ எடைக்கு லிக்னோகேயின் 88 என்பது பெரிய அளவே இல்லை. ஆனால் இதய நோயாளிகளுக்கு ஒரு தடவையில் அட்ரினலின் 40 மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் கொஞ்சம் ரத்தக் குழாய்க்குள்ளேயே நேராகப் போயிருந்தால் இன்னும் கடுமையாகத் தெரியும். அட்ரினலின் சில நிமிடங்களில் உடைந்துவிடும், அதனால்தான் கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

முதல் ஊசி ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையோடு இருக்கும். இந்த மருந்து மின்னூட்டம் இல்லாத வடிவத்தில் இருந்தால்தான் நரம்பின் கொழுப்பு உறைக்குள் நுழைய முடியும். அமிலம் கூடினால் பெரும்பகுதி மின்னூட்டம் ஏறிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிடும். வலி போகவில்லை என்று இரண்டாவது ஊசி போடுவோம், மருந்தும் அட்ரினலினும் இரட்டிப்பாகும். ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு எடுத்திருந்தால் ஒரு குப்பியிலேயே முடிந்திருக்கலாம். நான் அங்கே இல்லை, அவர்களுக்கு என்ன அவசரம் இருந்ததோ தெரியாது.

கேஎல் மயக்க மருத்துவர்

பல் டாக்டர் சொன்னதோடு எனக்கு உடன்பாடு. நான் கோலாலம்பூரில் மயக்கவியல் பிரிவில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"இதயத்துக்குப் போகுமா" என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. போகும். எங்கே போட்டாலும் கடைசியில் ரத்தத்துக்குள் போகத்தான் செய்யும். எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து போட்ட இடத்தில் கொஞ்சம் நரம்புக்குள் போகும், கொஞ்சம் பக்கத்துக் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தை அங்கே ஓடும் ரத்தம் அள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக அள்ளும். விலா எலும்புகளுக்கு இடையில் போட்டால்தான் ரத்தத்தில் மிக அதிகமாக ஏறும். அதற்கு அடுத்து முதுகில் தண்டுவடத்தின் வெளிப்புறம் போடும் எபிடியூரல், அதற்கும் கீழே காறை எலும்புப் பக்கம் போடும் கை நரம்புப் பின்னல், அதற்கும் கீழே தொடை நரம்புகள், கடைசியாகத் தோலுக்கு அடியில். ஒரே மருந்து, ஒரே அளவு, இடம் மாறினால் ரத்தத்தில் கிடைக்கும் எண் மாறும். அதனால் "இந்த மருந்து இத்தனை மில்லிகிராம் வரை பத்திரம்" என்று ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது போதாது என்பது என் கருத்து.

சரி, சிரை ரத்தத்தில் கலந்த மருந்து இதயத்தின் வலது பக்கம் வந்து, அங்கிருந்து முதலில் நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் ஒரு நல்ல பகுதியைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அந்தத் தடுப்பு இருப்பதால்தான் சிரைக்குள் கொஞ்சம் தவறிப் போனாலும் பல நேரம் ஒன்றும் ஆவதில்லை. கழுத்துத் தமனிக்குள் நேராகப் போனால் கதை வேறு, அங்கே இந்தத் தடுப்பு கிடையாது, மிகச் சின்ன அளவே மூளைக்குப் போய் உடனே வலிப்பு வந்துவிடும். நுரையீரலைத் தாண்டிய பிறகு ரத்தம் அதிகம் ஓடும் உறுப்புகளுக்கு முதலில் போகும், அதாவது மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகம். அடுத்த சில நிமிடங்களில் தசைகள் உறிஞ்ச ஆரம்பிக்கும். உடம்பில் தசைதானே அதிகம், அதனால் கடைசியில் மருந்தின் பெரிய பங்கு அங்கேதான் போய்ச் சேரும். கொழுப்பு மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். கொழுப்பு உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சைகளில் தோலுக்கு அடியில் நீர்த்த லிக்னோகேயினை நிறைய ஏற்றுவார்கள், அதில் ரத்த அளவு உச்சத்துக்குப் போக 12 மணி நேரம்கூட ஆகலாம். நோயாளி வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்தச் சிகிச்சை செய்துகொள்ள நினைக்கும் யாராவது இதைப் படித்தால், இரவு துணைக்கு ஆள் இல்லாமல் இருக்க வேண்டாம்.

இதயத்துக்கு வருகிறேன். நரம்பில் வலிச் செய்தி ஓடுவதும் இதயத் தசையில் மின்துடிப்பு ஓடுவதும் செல் உறையில் சோடியத்தை உள்ளே விடும் சோடியம் வாயில்கள் திறப்பதால்தான். இந்த மருந்துகள் அந்த வாயிலை உள்பக்கமிருந்து அடைத்துக்கொள்ளும். அது விரல் நரம்பா இதயத் தசையா என்று மருந்துக்குத் தெரியாது. ஆனால் எல்லா மருந்தும் ஒரே மாதிரி அடைப்பதில்லை. லிக்னோகேயின் வேகமாக உள்ளே போய் வேகமாக வெளியே வந்துவிடும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் வாயில் மறுபடியும் விடுபட்டுவிடும். இதயக் கீழறையிலிருந்து வரும் ஆபத்தான தாளக் கோளாறுகளுக்கு லிக்னோகேயினையே சிரை வழியாக ஊசி போட்டுச் சரிசெய்வோம், கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம். உங்கள் அம்மாவின் எடைக்கு அது 52 முதல் 78 மில்லிகிராம். பல் கிளினிக்கில் ஈறில் போட்ட 88 மில்லிகிராமைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு, இதய வார்டில் நேராக ரத்தத்துக்குள்ளேயே கொடுக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

இதே வகையில் கூடுதல் நேரம் மரக்க வைக்கும் பியூபிவகேயின் அப்படி இல்லை. வேகமாக உள்ளே போகும், வெளியே வர நேரம் எடுக்கும். லிக்னோகேயின் வாயிலை விட ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிறது என்றால் பியூபிவகேயினுக்கு ஒன்றரை நொடி. நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கும் இதயத்துக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. அதனால் துடிப்புக்குத் துடிப்பு அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். ஈசிஜியில் பிஆர் இடைவெளி நீளும், க்யூஆர்எஸ் அகலும், அதாவது மின்துடிப்பு இதயத்தில் மெதுவாகப் பரவும், அப்புறம் தாளம் கெடும், இதயம் சுருங்கும் பலமும் குறையும். விலங்குச் சோதனைகளில் வலிப்பு வரவைக்கும் அளவோடு இதயத்தைச் சாய்க்கும் அளவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லிக்னோகேயினுக்கு அந்த இடைவெளி சுமார் 7 மடங்கு, பியூபிவகேயினுக்கு 4 மடங்குக்கும் குறைவு. அதாவது மூளை கொடுக்கும் எச்சரிக்கைக்கும் இதயம் நிற்பதற்கும் நடுவில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. 1979-இல் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஒரு தலையங்கத்தில் வெளிப்படையாக எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க இதைக் கவனித்தார்கள். 1980களில் பிரசவ எபிடியூரலுக்கு 0.75 சதவீத பியூபிவகேயின் வேண்டாம் என்று அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அந்தக் கவலையிலிருந்து பிறந்தவைதான் ரோபிவகேயினும் லீவோபியூபிவகேயினும்.

கைக்கு லிக்னோகேயின் மட்டும் போட்டால் பிளேட் வைக்கும் வரை தாங்காது என்பதால் பியூபிவகேயின் வகையில் ஒன்றைத்தான் பெரும்பாலும் போடுவோம். அம்மாவுக்கு பியூபிவகேயின் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் 104 மில்லிகிராம், 0.5 சதவீதத்தில் ஏறத்தாழ 20 மில்லி. அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்துக்கொண்டே போடுவதால் இப்போது அதைவிடக் குறைவாகவே போதும். 3 முதல் 5 மில்லியாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, நிறுத்தி, நோயாளியோடு பேசிக்கொண்டே போடுவோம். முழு மயக்கமும் மருந்துதான், அதுவும் இதயத்தைத் தொடும். அம்மாவின் இதயம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் எது நல்லது என்று நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. ஆனால் "அலர்ஜி" என்ற ஒரு வார்த்தையால் மட்டும் நல்ல வழி ஒன்று மூடிவிடக் கூடாது.

பிறை மருந்தாளர்

எனக்கு அந்த 54-தான் உறுத்துகிறது. சாதாரணமாக அட்ரினலின் ஏறினால் நாடி 100, 110 என்று ஓடும். பிரஷர் 196-க்குப் போய், நாடி 54-இல் நிற்கிறது என்றால் வேறு ஏதோ மருந்து குறுக்கே இருக்க வேண்டும். அக்கா, அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முழுசாகச் சொல்ல முடியுமா? இதய டாக்டர் கொடுத்தது மட்டும் இல்லை. வேறு கிளினிக்கில் வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் நல்லது என்று கொடுத்தது, டின்னில் போட்டு வைத்திருப்பது, எல்லாமே.

புக்கிட் மெர்தாஜாம் மகள்

இதய டாக்டர் கொடுத்தது ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பைசோப்ரோலோல் 2.5. நீங்கள் கேட்ட பிறகு அலமாரியில் இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். அதில் புரோப்ரனோலோல் 40 என்று ஒரு அட்டை, பாதி காலி. கேட்டால், கை நடுக்கத்துக்காக ரொம்ப வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் கொடுத்ததாம், இன்னும் காலை மாலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம். "அது கைக்கு, இது நெஞ்சுக்கு" என்கிறார். என்னிடம் சொன்னதே இல்லை. பல் பிடுங்கின அன்றும் போட்டிருக்கிறார். கை கால் நடுங்க உட்கார்ந்திருக்கிறேன்.

பிறை மருந்தாளர்

பயப்படாதீர்கள் அக்கா, கண்டுபிடித்தது நல்லதுதான். முதலில் முக்கியமானது: நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அதுவும் ஸ்டென்ட் வைத்தவருக்கு, நெஞ்சுவலியே வரலாம். நாளைக்கே இதய கிளினிக்குக்குப் போன் செய்து இரண்டும் சேர்ந்து போகிறது என்று சொல்லுங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். தலைசுற்றல், மயக்கம், மூச்சு வாங்குதல் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டுமே பீட்டா தடுப்பான்கள், அதாவது அட்ரினலின் செய்யும் சில வேலைகளைத் தடுக்கும் மாத்திரைகள். பைசோப்ரோலோல் பெரும்பாலும் இதயத்தை மட்டும் பார்க்கும். புரோப்ரனோலோல் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தடுக்கும். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கவும் செய்யும், தசைப் பக்கத்துக் குழாய்களை விரிக்கவும் செய்யும். விரிக்கும் வேலையை புரோப்ரனோலோல் அடைத்துவிட்டால் சுருக்குவது மட்டும் மிஞ்சும். பிரஷர் எகிறும், அதைப் பார்த்து உடம்பு நாடியைக் குறைக்கும். நெஞ்சு வேகமாக அடிக்காமல் பலமாக இடிக்கும், தலை பிளக்கும். அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து அதுதான். பல் டாக்டரும் தவறாகச் செய்துவிடவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அட்ரினலின் இல்லாத மெபிவகேயின் மாதிரி ஏதாவது பார்த்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது கை ஆப்பரேஷனுக்குத் தேவையானது. லிக்னோகேயின், பியூபிவகேயின் எல்லாம் கல்லீரலில்தான் உடைகின்றன. லிக்னோகேயின் உடையும் வேகம் கல்லீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைப் பொறுத்தது. புரோப்ரனோலோல் அந்த ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், கல்லீரலின் வேலையையும் மந்தமாக்கும். அதனால் மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். இதயத்தின் மின்கடத்தலை மெதுவாக்குவதில் புரோப்ரனோலோலும் மரக்கும் மருந்தும் ஒரே பக்கம் இழுக்கும். மயக்க டாக்டர் அளவைத் தீர்மானிக்கும்போது இது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். டின்னோடு எடுத்துப் போங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி

நான் டாக்டர் இல்லை. ஆனால் இதில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 3 வருடத்துக்கு முன் அப்பாவுக்குத் தோள் ஆப்பரேஷன், இதே மாதிரி கழுத்துப் பக்கம் ஊசி. அப்பா அப்புறம் எங்களிடம் சொன்னது: ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே நாக்கு மரத்தது, வாயில் பழைய காசைக் கடித்த மாதிரி ஒரு சுவை, காதுக்குள் வண்டு ரீங்காரம். ஆனால் டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாயே திறக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் அப்படித்தானே, ஊசி போடும்போது பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். பக்கத்தில் நின்ற தாதி அப்பாவின் கண் ஒரு மாதிரி அலைவதைப் பார்த்துவிட்டு "பாக்சிக் (மாமா), ஓகேயா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். அப்பா பதில் சொல்லக் குழறியதும் டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ஆக்சிஜன் கொடுத்து, வலிப்புக்கு மருந்து கொடுத்து, பால் மாதிரி வெள்ளையாக ஒரு திரவத்தை ஏற்றினார்களாம். ஒரு இரவு ஐசியூவில் வைத்திருந்தார்கள். இப்போது அப்பா தினமும் காலையில் கெக் லோக் சி கோவில் பக்கம் நடைப்பயிற்சி போகிறார்.

அந்த டாக்டர் அன்று மாலையே எங்களை உட்கார வைத்து என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள், வாயில் ஏதாவது சுவை, காதில் சத்தம், நாக்கில் மரப்பு, எது வந்தாலும் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று. அந்த வெள்ளைத் திரவம் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது, டாக்டர் யாராவது சொன்னால் நல்லது.

கேஎல் மயக்க மருத்துவர்

ஐயா, நீங்கள் எழுதியதை எங்கள் புதிய டாக்டர்களுக்குப் படித்துக் காட்டலாம் போல இருக்கிறது. அந்தத் தாதிக்கு என் வணக்கம்.

அது 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு. சோயா எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலந்தது. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்குச் சிரை வழியாக உணவாக ஏற்றுவது. 1998-இல் வைன்பெர்க் என்ற மருத்துவர், பியூபிவகேயினால் எலிகளின் இதயம் நிற்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்று பார்த்தார். முன்கூட்டியே இந்தக் குழம்பு ஏற்றிய எலிகளுக்குக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. 2006-இல் முதன்முதலாக மனிதர் ஒருவரின் இதயம் நின்ற நிலையில் இதைக் கொடுத்து மீட்டதை எழுதினார்கள். பியூபிவகேயின் கொழுப்பை விரும்பும் மருந்து. ரத்தத்தில் திடீரென்று இத்தனை எண்ணெய்த் துளிகள் வந்தால் இதயத்திலும் மூளையிலும் இருக்கும் மருந்து அவற்றில் ஏறிக்கொள்ளும், துளிகள் அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் கொண்டுபோய் இறக்கிவிடும். நான் முதலில் எழுதினேனே, மருந்து கடைசியில் தசைக்குத்தான் போய்ச் சேரும் என்று, அந்தப் பயணத்தை இது வேகப்படுத்துகிறது. இதயத் தசைக்கு எரிபொருளாகவும் உதவுகிறது என்கிறார்கள். கிலோவுக்கு 1.5 மில்லி முதலில், அப்புறம் தொடர்ந்து சொட்டுச் சொட்டாக.

ஆக்சிஜன் முதலில் கொடுத்ததும் சும்மா இல்லை. வலிப்பில் மூச்சு தடைப்பட்டால் கரியமில வாயு ஏறும், ரத்தம் அமிலமாகும், செல்லுக்குள் போன மருந்து மின்னூட்டம் ஏறி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சீழ்ப் பல்லில் நரம்புக்கு வெளியே நிறுத்திய அதே அமிலம், இங்கே உள்ளே பூட்டி வைக்கிறது. மூச்சைச் சரியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புக்கிட் மெர்தாஜாம் சகோதரிக்கு: வியாழக்கிழமை பிஸ்கட் டின், பல் கிளினிக்கில் பார்த்த பிரஷர் நாடி எண்கள், எத்தனை குப்பி போட்டார்கள் என்ற விவரம், மூன்றையும் கொண்டுபோங்கள். அந்தப் பல் கிளினிக்குக்குப் போன் செய்தாலே பதிவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஊசி போடும் அறையில் கொழுப்புக் குழம்பு இருக்கிறதா என்று கேட்பதிலும் தவறில்லை, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும், கை நரம்புப் பின்னலில் போட்டது ரத்தத்தில் உச்சத்துக்கு ஏற ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும்.

புக்கிட் மெர்தாஜாம் மகள்

எல்லாருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது, 3 வாரம் ஓடிவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பல் கிளினிக்கில் இரண்டு குப்பி என்று உறுதிசெய்தார்கள், அட்ரினலின் கலந்ததுதான். இதய டாக்டர் புரோப்ரனோலோலைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எலும்பு விஷயம் என்பதால் ஆப்பரேஷனை ரொம்பத் தள்ளிப்போட முடியவில்லை. மயக்க டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, மலாயில்தான் பேசினோம். டின்னைத் திறந்து ஒவ்வொரு மாத்திரை அட்டையாக எடுத்துப் பார்த்து, அம்மாவையே கேட்டு, எக்கோ எடுக்கச் சொல்லி, கடைசியில் ரோபிவகேயின் குறைந்த அளவில் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடலாம், அட்ரினலின் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார். அட்டையில் இருந்த "லிக்னோகேயின் அலர்ஜி" என்ற வரியை அடித்து, கையெழுத்துப் போட்டு, கீழே புதிதாக எழுதினார்: அலர்ஜி இல்லை, புரோப்ரனோலோல் சாப்பிட்டபோது அட்ரினலினால் பிரஷர் ஏறியது.

ஆயர் ஈத்தாம் அண்ணன் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொல்லியிருந்தேன். ஊசி போடும்போது டாக்டர் கேட்கும் முன்பே அம்மா தானாகவே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "வாயில ஒண்ணும் இல்ல, காதுல ஒண்ணும் இல்ல" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்கிருந்த தமிழ்த் தாதி டாக்டருக்கு மொழிபெயர்த்திருக்கிறார்.

ஆப்பரேஷன் அன்று ராத்திரி 2 மணிக்கு அம்மா என்னை எழுப்பி, மரப்பு விட்டுவிட்டது என்று விரலை அசைத்துக் காட்டினார். நாளைக்குத் தையல் பிரிக்கிறார்கள். பட்டர்வொர்த் பக்கம் கைக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.